மெழுகில் பதினெட்டுத் துளைகள்

தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது, உடனே வாருங்கள் என்று பேராசிரியர் கணேஷ்ராம் ஃபோனில் சொன்னபோது கோமுவுக்கு அடுத்து இரண்டு வகுப்புகள் இருந்தன. இரண்டையும் எடுத்தாள். என்ன நடத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மூன்றரை மணிக்குப் பாளையங்கோட்டையில் பஸ் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போய்ச் சேரும்போது அலுவலகத்தில் பாதிப்பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். 1998, அக்டோபர் மாதக் கடைசி. மழை வருவேன், வரமாட்டேன் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தது.

பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்து முடித்து, ஆய்வேட்டைக் கொடுத்து ஐந்து மாதமாகக் காத்திருந்தாள் கோமு. வயது முப்பத்தாறு. அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கண்ணாடி இழை. டெலிஃபோன் பேச்சை ஒளியாக்கிக் கொண்டுபோகும் இழைகளை அப்போது நாங்குநேரி சாலை ஓரமாகவே பள்ளம் தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாதாரண இழையில் நடுவில் ஒரு வகைக் கண்ணாடி, சுற்றிலும் இன்னொரு வகைக் கண்ணாடி. இரண்டுக்கும் உள்ள வேற்றுமைதான் ஒளியை வெளியே ஓடிவிடாமல் நடுவில் பிடித்துவைக்கிறது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு குழு வேறு மாதிரி இழை செய்து காட்டியிருந்தது. முழுக்க ஒரே கண்ணாடி. தாமரைத் தண்டை வெட்டினால் தெரிவதுபோல் நீளம் முழுவதும் நுண்ணிய காற்றுத் துளைகள். நட்டநடுவில் மட்டும் துளை கிடையாது. ஒளி அந்தத் துளையில்லாத நடுவைப் பிடித்துக்கொண்டு போகும். பெங்களூரிலிருந்து வரவழைத்த நகலில் அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து கோமுவுக்கு வேறு நினைப்பே இல்லை. துளைகளின் அளவை மாற்றினால் உள்ளே போகும் ஒளியை நம் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கலாமே என்று தோன்றிவிட்டது.

அவளுடைய ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அதுதான். நடுவுக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக இரண்டு துளைகளை மட்டும் பெரிதாக்கினால், மேலும் கீழுமாக அதிரும் ஒளி ஒரு வேகத்திலும் பக்கவாட்டில் அதிரும் ஒளி வேறொரு வேகத்திலும் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். மற்ற நான்கு அத்தியாயங்களும் பிறர் செய்ததைத் தொட்டுச் செய்தவை. இது ஒன்றுதான் அவளுடைய சொந்தச் சரக்கு.

தேர்வாளர் கைவைத்திருந்ததும் அதில்தான். கணக்கு சுவாரசியமானது, ஆனால் கம்ப்யூட்டர் சொன்னது என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. சோதனை மூலம் காட்டவும், இயலாவிட்டால் அத்தியாயத்தை நீக்கவும் என்று எழுதியிருந்தார். மூன்று மாத அவகாசம்.

கணேஷ்ராம் நல்ல மனிதர். சுற்றிவளைக்காமல் சொன்னார். "அந்த மாதிரி இழை இழுக்க இந்தியாவுலயே இடம் இருக்கான்னு தெரியல. அஞ்சாம் அத்தியாயத்தை எடுத்துருங்கம்மா. மிச்சம் நாலு போதும், பட்டம் வந்துரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கோமு எழுந்துவிட்டாள். அத்தியாயம் போய்விடுமே என்பதைவிட வேறொரு பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் கணக்குப் போட இழையின் குறுக்குவெட்டைச் சின்னச்சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருந்த கம்ப்யூட்டர் தாங்கக்கூடிய மிகச் சிறிய கட்டத்தில் போட்டபோது வேக வித்தியாசம் தெளிவாக வந்தது. கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வித்தியாசம் பாதியானது. இன்னும் பெரிதாக்கினால் இல்லாமலே போனது. கட்டம் பெரிதானதால் வந்த பிழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முதல் விடையை மட்டும் ஆய்வேட்டில் எழுதிவிட்டாள். இன்னும் சிறிய கட்டத்தில் போட்டிருந்தால் விடை மறுபடி மாறியிருக்குமோ? போட்டுப் பார்க்க வழியில்லை. தேர்வாளர் எங்கோ உட்கார்ந்துகொண்டு சரியாக அந்த இடத்திலேயே விரலை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் எம்.எஸ்ஸி. பெண்களுக்குச் செய்முறை வகுப்பு. ஆய்வகத்தின் மூலை மேஜையில் மைக்ரோவேவ் கருவி இருந்தது. புனல் மாதிரி வாயுள்ள ஒரு பெட்டி அலையை அனுப்பும். எதிரே அதேபோன்ற இன்னொரு புனல் அதை வாங்கி மீட்டரில் முள்ளைத் தூக்கும். நடுவில் ஒரு மெழுகுப் பட்டகத்தை வைத்து அலையை வளைத்துக் காட்டுவது பாடம். கண்ணாடிப் பட்டகம் ஒளியை வளைப்பதுபோலவே மெழுகு இந்த அலையை வளைக்கும். இரண்டும் ஒரே சாதி, அளவுதான் வேறு, இந்த அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டர் என்று சொல்லிக்கொண்டே வந்த கோமு பாதியில் நின்றுவிட்டாள். மாணவிகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இழைக்குள் போகும் ஒளியைவிட இது இருபதாயிரம் மடங்கு பெரிய அலை. அப்படியானால் இழையையும் இருபதாயிரம் மடங்கு பெரிதாக்கிவிட்டால்? தலைமுடியை விட மெல்லிய இழைக்குள் கண்ணுக்குத் தெரியாத துளை போடத் தெரியாதுதான். ஆனால் தூண் பருமனுள்ள மெழுகில் விரல் நுழையும் துளையை யார் வேண்டுமானாலும் போடலாமே! அலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த மெழுகுப் பட்டகத்தை யார் வார்த்தது என்று ஆய்வக உதவியாளர் பிச்சைக்கண்ணுவிடம் கேட்டாள். இருபது வருடமாக அங்கே இருப்பவர் அவர். சமாதானபுரத்தில் மெழுகுவர்த்தி செய்யும் வேதநாயகம் அண்ணாச்சிதான் என்றார்.

கல்லூரி விட்டதும் இருவரும் போனார்கள். வேதநாயகத்தின் பட்டறை வீட்டுக்குப் பின்பக்கம் நீளமான ஓட்டுச்சாய்ப்பு. கிறிஸ்துமஸுக்கான மெழுகு லாரியில் வந்து இறங்கி, வெள்ளைப் பலகைகளாகச் சுவரோரம் அடுக்கியிருந்தது. கோமு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். ஒரு மீட்டர் உயரம், ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நடுவைச் சுற்றி ஆறு துளை, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. மொத்தம் பதினெட்டில் இரண்டு மட்டும் பெரிசு.

வேதநாயகம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய கனத்தில் மெழுகை ஒரே தடவையில் ஊற்றினால் நடுவில் குழி விழும், வெடிக்கும். விரல்கடை உயரம் ஊற்றி ஆறவிட்டு, ஆறவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார். அப்புறம் தயக்கத்தோடு கேட்டார்.

"நாப்பது கிலோ பிடிக்குமே டீச்சர். சோதிச்சி முடிச்சா மெழுகு கெட்டுப் போவுமா?"

"ஒரு துளி குறையாது அண்ணாச்சி. அலை உள்ள போயி வெளிய வரும், அம்புட்டுத்தான். அப்படியே திருப்பித் தந்துருவேன்."

"அப்பம் சரி. டிசம்பர் அஞ்சாந் தேதி எனக்கு இங்கன வந்துரணும். ஏழு சபைக்கு ஆராதனை மெழுகுவத்தி நாந்தான் கொடுக்கேன், பாத்துக்கிடுங்க."

தகரத்தில் ஒரு நீள உருளை அடிக்கச் சொல்லி, அதற்குள் துளை வரவேண்டிய இடங்களிலெல்லாம் இரும்புக் குழாய்களை நட்டு, மெழுகை ஊற்றினார் வேதநாயகம். முதல் நாள் கோமு கூடவே நின்று குழாய்களின் இடைவெளியை அடிக்குச்சி வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள். அடுத்த இரண்டு நாளும் அவளுக்குக் கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. வார்த்து முடித்துக் குழாய்களை உருவியதை அவள் பார்க்கவில்லை.

இதற்கிடையே மெழுகுக்கும் மூன்று சென்டிமீட்டர் அலைக்கும் ஏற்றாற்போல் கணக்கைத் திருப்பிப் போட்டாள். அலையைப் பெரிய துளைகள் இருக்கும் வரிசைக்குச் சரிவாக அதிரும்படி அனுப்ப வேண்டும். வாங்கும் புனலை அதற்குக் குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டும். துளைகள் ஒன்றும் செய்யாவிட்டால் குறுக்காக நிற்கும் புனலுக்கு எதுவும் வராது, முள் அசையாது. அவள் கணக்கு சரியென்றால் அலை உள்ளே முறுக்கப்பட்டு, வெளியே வருவதில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அந்தக் குறுக்குப் புனலில் விழும். பதினாறு என்று ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டாள். இனி அழித்து எழுத முடியாது.

நவம்பர் கடைசி வாரம் மெழுகுத் தூண் ஆய்வகத்துக்கு வந்தது. படுக்கவைத்தால் வளைந்துவிடும் என்று நடுவில் ஓட்டை போட்ட மர மேஜையின்மேல் நிறுத்திவைத்தார்கள். கீழே இருந்து ஒரு புனல் மேல்நோக்கி அலையை அனுப்பும். உச்சியில் இன்னொரு புனல் வாங்கும். தூணுக்கு வெளியே சுற்றிவரும் திருட்டு அலைகளை நிறுத்த, பிச்சைக்கண்ணு ஈரச் சாக்குகளைத் தூணைச் சுற்றித் தொங்கவிட்டார். இந்த அலைக்குத் தண்ணீரைப் போல எமன் கிடையாது, அப்படியே விழுங்கிவிடும். தூணின் அடியில் நாலைந்து துளைகளை மெழுகு மெல்லிய பாலாடைபோல் மூடியிருந்ததைக் கோமு கவனித்தாள். அவ்வளவு மெல்லிய மெழுகு அலையை ஒன்றும் செய்யாது என்று விட்டுவிட்டாள்.

முதலில் இரண்டு புனலையும் ஒரே வாக்கில் வைத்து முள்ளைப் பார்த்தாள். நூறுக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டிய முள் மூன்றில் நின்று நடுங்கியது. குறுக்காகத் திருப்பினால் சுத்தமாக ஒன்றுமில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தாள். தூணை எடுத்துவிட்டுப் பார்த்தால் முள் ஒழுங்காக எழுந்தது. மறுபடி வைத்தால் படுத்துவிட்டது. மாலை ஐந்தரைவரை இருபத்துமூன்று தடவை அளந்தாள். அலை நடுவில் நிற்கவே இல்லை, போகிற வழியிலேயே தொலைந்துபோகிறது. முறுக்குவதெல்லாம் அப்புறம், அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது.

"கருவி பழசு டீச்சர்," என்றார் பிச்சைக்கண்ணு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"கருவி நல்லாத்தான் இருக்கு," என்றாள் கோமு.

வீட்டில் அவள் கணவன் மகேஸ்வரன் அப்போதுதான் மின்வாரிய அலுவலகத்திலிருந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுத்தான். ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தவள் அங்கே நிறுத்தாமல் கட்டங்களின் கதையையும் கொட்டிவிட்டாள். ஒரு வருடத்துக்கு மேலாக அடக்கிவைத்தது. டம்ளர் காபி அப்படியே இருந்தது.

அவன் படித்தது வணிகவியல். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "பெரிய கட்டத்துல வேற மாதிரி வந்துச்சுன்னு நீ ஏட்டுல எழுதியிருக்கியா?"

"இல்ல."

"அப்பம் அதை எழுதிரு. அம்புட்டுத்தானே. தப்புன்னா தப்புன்னு போவுது. நீ ஒண்ணும் யாரையும் ஏமாத்தணும்னு செய்யல, பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்திட்ட."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் அவளுக்குக் காபி தொண்டையில் இறங்கியது. அன்றைக்கே கணேஷ்ராமுக்குக் கடிதம் எழுதினாள். கட்டங்களை மாற்றினால் விடை மாறியதை மறைக்காமல் எழுதினாள். சோதனையிலும் கணக்கு தோற்றுவிட்டது, ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்று முடித்தாள். நேரில் போய்க் கொடுக்கலாம் என்று கவரை ஒட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தலைச்சுமையை எங்கேயோ இறக்கிவைத்த மாதிரி கழுத்துதான் வலித்தது.

சனிக்கிழமை காலை வேதநாயகம் தள்ளுவண்டியோடும் இரண்டு ஆட்களோடும் மெழுகை எடுத்துப்போக வந்தார். முடிவு என்ன ஆச்சு என்று கேட்டார். சரியா வரலை அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். சாக்குகளை அவிழ்த்து, ஆட்கள் இருவரும் தூணைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, பைய, பைய என்று வேதநாயகம் சொல்லச்சொல்ல வாசல்படி வரைக்கும் கொண்டுவந்தார்கள். படியில் இறக்குவதற்காகத் தூணைச் சாய்த்தார்கள்.

மேல்பக்கத் துளைகளிலிருந்து கொடகொடவென்று தண்ணீர் கொட்டியது. வேதநாயகத்தின் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது.

"அடச்சே, குழாய்த் தண்ணி இன்னும் நிக்குதே," என்று அவர் காலை உதறினார்.

கோமு வாசலில் நின்றபடியே கேட்டாள். "என்ன தண்ணி அண்ணாச்சி?"

"குழாயை உருவணும்லா டீச்சர். சும்மா இழுத்தா வராது. குழாய்க்குள்ள பச்சைத்தண்ணி ஊத்தினா இரும்பு குளுந்து சுருங்கி, மெழுகை விட்டுரும். வத்தி அச்சுக்கும் அப்படித்தான் செய்யுதோம். உருவும்போது தண்ணி உள்ள எறங்கியிருக்கும். அடியில ஆடை கட்டிக்கிட்டதால வெளிய போவாம நின்னுருக்கு."

திருட்டு அலையை விழுங்க ஈரச் சாக்கு கட்டவைத்த தன் புத்தியை நினைத்தாள் கோமு. தண்ணீர் விழுங்கும் என்று ஊருக்குப் பாடம் நடத்தியவள் அவள். அந்தத் தண்ணீரையே துளைகளுக்குள் வைத்துக்கொண்டு, காற்று இருக்கிறது என்று நம்பி இருபத்துமூன்று தடவை அளந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நாள். திங்கக்கெழமை காலையில எடுத்துக்கிடுங்க."

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். ஐந்தாம் தேதியே இன்றைக்குத்தான். ஆட்களைக் கூலிக்கு வரச்சொல்லி, அடுப்பும் மூட்டியாகிவிட்டது. பிறகு ஆட்களிடம் திரும்பினார்.

"திருப்பி உள்ளயே கொண்டு வைங்கலே. நம்ம ஊத்தின தண்ணி, நம்மதான் தொடைக்கணும்."

அடியில் கட்டியிருந்த ஆடைகளைக் கோமு ஒரு ஊசியால் குத்தி எடுத்தாள். வேதநாயகம் கம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் துளை துளையாக விட்டு எடுத்தார். பிச்சைக்கண்ணு எங்கிருந்தோ இரண்டு மேஜை மின்விசிறிகளைக் கொண்டுவந்து தூணின் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் வைத்தார். சனிக்கிழமை முழுக்கக் காற்று ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு டார்ச்சைக் காட்டி, அந்தப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். பதினெட்டிலும் தெரிந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல் மகேஸ்வரனும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஆராதனை முடித்துவிட்டு வேதநாயகம் அதே வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

இரண்டு புனலும் ஒரே வாக்கில். கோமு சுவிட்சைப் போட்டாள். முள் விறுவிறுவென்று ஏறி எண்பதுக்கு மேலே போய் நின்றது. அலை நடுவைப் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் மெழுகையும் கடந்து வந்துவிட்டது. மேல் புனலின் திருகைத் தளர்த்தி, மெதுவாகக் குறுக்கே திருப்பினாள். முள் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கி, இறங்கி, பூஜ்யத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது.

வெளியே வரும் மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்று பிச்சைக்கண்ணுவே காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். "பத்தொம்பது வருது டீச்சர்."

கோமு திரும்பத் திரும்ப அளந்தாள். பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது. தூணைக் கால்வட்டம் திருப்பி வைத்தாலும் அதேதான். பெரிய துளைகளின் வரிசைக்கு நேராக அதிரும்படி அலையை அனுப்பினால் மட்டும் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. அதுவும் அவள் கணக்குச் சொன்னபடிதான்.

"பதினாறுன்னுல்லா எழுதியிருந்த?" என்றான் மகேஸ்வரன், கவலையோடு.

அப்போதுதான் கோமு சிரித்தாள். கட்டம் சிறிதாக ஆக வித்தியாசம் கூடிக்கொண்டே வந்தது. இன்னும் சிறிய கட்டம் கிடைத்திருந்தால் பதினாறு பத்தொன்பதுக்குத்தான் போயிருக்கும், குறைந்திருக்காது என்று அவனுக்கு விளக்கினாள். அவள் பயந்த திசையில் பிழை இல்லை. மெழுகு உண்மையைச் சொல்லிவிட்டது, கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் அடக்கிவாசித்திருக்கிறது. சொல்லி முடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. வேதநாயகம் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மழை விட்டுட்டு போலருக்கு என்றார்.

கைப்பையில் இருந்த கவரைப் பிரித்து, கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் அடித்துவிட்டு வேறு எழுதினாள். கட்டங்களைப் பற்றிய பத்தி அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை காலை மெழுகு சமாதானபுரத்துக்குப் போனது. வேதநாயகம் ஆட்களைக் கூடுதலாகப் போட்டு, ஏழு சபைக்கும் நேரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

திருத்திய அத்தியாயத்தில் மெழுகுத் தூணின் படம், அளவுகள், கட்டம் மாறியபோது விடை மாறிய அட்டவணை எல்லாவற்றையும் சேர்த்தாள். பிப்ரவரியில் தேர்வாளரின் பதில் வந்தது. மூன்றே வரி. சோதனை திருப்தியாக இருக்கிறது. விடை மாறியதை வெளிப்படையாகச் சொன்னது இன்னும் திருப்தி. வாய்மொழித் தேர்வை மார்ச் பன்னிரண்டில் வைத்துக்கொள்ளலாம்.

வாய்மொழித் தேர்வுக்கு அந்தத் தேர்வாளரே வந்திருந்தார். ஒல்லியான, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். கோமு பயந்த அளவுக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. துளைக்குள் தண்ணீர் நின்ற கதையை மட்டும் முழுசாகச் சொல்லச்சொல்லிக் கேட்டு, தானும் ஒருமுறை இதேபோல் ஈரப் பஞ்சு ஒன்றால் ஆறு மாதம் வீணாக்கியதாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. கணேஷ்ராம் எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் முனைவர் கோமதி என்று அழைத்தார். கோமதி என்று அவளை யாரும் கூப்பிடுவதே இல்லையாதலால் யாரையோ சொல்கிறார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. திருச்செந்தூர் போய்விட்டு வரலாம் என்று மகேஸ்வரன் சொன்னான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டி வயல்கள் வர ஆரம்பித்தபோது அவனிடம் என்னவோ சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் தூக்கம் இழுத்துக்கொண்டுபோய்விட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் கூட்டம் ஏறியது, ஆழ்வார்திருநகரியில் இறங்கியது. நடத்துநர் சீட்டுக்கு வந்து நின்றபோதும், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போட்டபோதும் அவள் அசையவில்லை. மகேஸ்வரன் தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்தான். கடல்காற்று முகத்தில் அடித்தபோதுதான் கண் விழித்து, அதுக்குள்ள வந்துட்டா என்று கேட்டாள்.